கல்லாவுக்குக் கீழே ஓர் அடுப்பு

தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை மாலை. பினாங்கு லிட்டில் இந்தியாவில், லெபு பாசாரும் லெபு குயினும் சந்திக்கும் மூலையில் நிற்பவருக்கு எந்தக் கடையில் எந்தப் பாட்டு ஓடுகிறது என்று பிரித்தறிய முடியாது. அந்தத் தெருவில் ஒரு ஜவுளிக் கடையை மனத்தில் வைத்துக்கொள்வோம். கல்லாவுக்கு எதிரே எட்டுப் பேர் புடவைப் பைகளோடு நிற்கிறார்கள். பில் போடும் கம்ப்யூட்டர் பட்டென்று அணைகிறது. எச்சரிக்கை எதுவும் வரவில்லை. திரை கறுத்துவிட்டது, அவ்வளவுதான். முதலாளி பொத்தானை அழுத்துகிறார். எழுந்து இரண்டு நிமிடம் ஓடி மறுபடி அணைகிறது. பத்து நிமிடம் பொறுத்து அழுத்தினால் ஒன்றும் நடக்காததுபோல் அரை மணி நேரம் வேலை செய்கிறது.

வைரஸ் என்கிறார் ஒருவர். கரண்டு ஏறி இறங்குகிறது என்கிறார் இன்னொருவர். “மெஷினுக்கு வயசாயிடுச்சு அண்ணே, புதுசு வாங்கிடுங்க” என்கிறார் பக்கத்துக் கடைக்காரர்.

மூவரும் ஒரு தடயத்தைக் கவனிக்கவில்லை. பத்து நிமிடம் ஓய்வு கொடுத்தால் அந்த மெஷின் கூடுதல் நேரம் ஓடுகிறது. வைரஸுக்கு ஓய்வு ஒரு பொருட்டில்லை. கரண்டு ஏற்ற இறக்கமும் கடிகாரம் பார்த்து வராது. ஓய்வு எடுத்தால் குணமாகி, வேலை கொடுத்தால் திரும்ப வரும் கோளாறு என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது சூட்டைத்தான்.

இந்தச் சூட்டின் கதையைச் சொல்ல லிட்டில் இந்தியாவை விடப் பொருத்தமான இடம் அரிது. காரணம் சுமார் 15 கிலோமீட்டர் தெற்கே, பாயான் லெப்பாஸில் இருக்கிறது. 1972இல் இன்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் ஆலையை அங்கேதான் திறந்தது. நெல் வயல்களுக்கு நடுவே ஐந்து ஏக்கர் நிலம், சுமார் நூறு ஊழியர்கள். பினாங்கின் முதலமைச்சராக இருந்த லிம் சோங் இயூ வேலையில்லாத் திண்டாட்டத்தை எதிர்கொள்ள அமைத்த சுதந்திர வணிக வட்டாரம் அது. ஏஎம்டி, நேஷனல் செமிகண்டக்டர், ஹியூலெட் பேக்கர்ட், ஹிட்டாச்சி, போஷ் என்று வரிசையாக வந்தன. 1975இல் இன்டெல்லின் அந்த ஆலை தீயில் எரிந்தது, மறுபடி கட்டினார்கள். நுண்ணோக்கிக்கு முன்னால் அமர்ந்து முடியைவிட மெல்லிய கம்பிகளை இணைத்த மலாய், சீன, தமிழ்ப் பெண்களின் கைகளில் உலகத்துக் கம்ப்யூட்டர்கள் உருவெடுத்தன.

பல ஆண்டுகள் வெளிவந்த இன்டெல் புராசசர்களின் உலோக மூடியில் ‘மலாய்’ என்ற ஐந்து ஆங்கில எழுத்துகள் பொறிக்கப்பட்டிருக்கும். சிலிக்கான் தகடு அமெரிக்காவிலோ அயர்லாந்திலோ இஸ்ரேலிலோ உருவாகியிருக்கலாம். அதை வெட்டி, அடித்தளத்தில் பொருத்தி, மூடி போட்டு, சோதித்து அனுப்பும் வேலை மலேசியாவில் நடந்தது என்பதற்கு அந்த எழுத்துகள் சாட்சி. புராசசர் சூடாவதைப் பற்றிய பேச்சில் இந்த மூடி முக்கியமானது. சிப்பின் சூடு வெளியே போகும் வழியில் முதல் வாசல் அதுதான்.

சிப் ஏன் சூடாகிறது? அதற்குள் இருக்கும் கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்கள் ஒவ்வொன்றும் ஒரு சுவிட்ச். ஒவ்வொரு முறை மாறும்போதும் சிறிதளவு மின்னூட்டம் நிரம்பி வடிகிறது. ஒரு வினாடிக்கு முந்நூறு, நானூறு கோடித் துடிப்பு. மின்விசிறி மின்சாரத்தை அசைவாக மாற்றுகிறது, விளக்கு ஒளியாக மாற்றுகிறது. புராசசர் எதையும் அசைப்பதில்லை, ஒளிர்வதும் இல்லை. கணக்குப் போட்டு முடித்தபின் உள்ளே போன மின்சாரம் முழுவதும் சூடாகவே வெளியே வரவேண்டும். 100 வாட் புராசசர் என்றால் 100 வாட் ஹீட்டர் என்றே பொருள்.

ஹீட்டரின் அளவுதான் சிக்கல். 20 சென்டிமீட்டர் அகலமுள்ள 1,500 வாட் மின் அடுப்பை எடுத்துக்கொள்வோம். அதன் பரப்பு சுமார் 314 சதுர சென்டிமீட்டர். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 5 வாட். தோசை முறுகுவதற்கு அது போதும். இன்டெல்லின் கோர் ஐ9-13900கே புராசசர் உச்ச வேகத்தில் 253 வாட் வரை இழுக்கும். அதன் சிலிக்கான் சுமார் 2.6 சதுர சென்டிமீட்டர், கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரியது. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 100 வாட், அதாவது தோசைக்கல்லுக்குக் கீழே இருக்கும் அடுப்பைவிட இருபது மடங்கு அடர்த்தியான சூடு. பில் போடும் மெஷினில் இருப்பது பெரும்பாலும் 65 வாட் ரகம்தான். ஆனாலும் அதன் சூடும் அடுப்பைவிட அடர்த்தியானதுதான்.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1971இல் வந்த இன்டெல் 4004 சிப்பில் 2,300 டிரான்சிஸ்டர்கள். அது ஒரு வாட் அளவில் வேலை செய்தது, விசிறி தேவைப்படவில்லை. 1974இல் ஐபிஎம் பொறியாளர் ராபர்ட் டென்னார்டும் சகாக்களும் ஒரு விதியைக் காட்டினார்கள். டிரான்சிஸ்டரைச் சிறிதாக்கும்போது மின்னழுத்தத்தையும் அதே விகிதத்தில் குறைத்தால், ஒரே பரப்பில் எத்தனை டிரான்சிஸ்டர் அடைத்தாலும் சூடு கூடாது. சுமார் முப்பது ஆண்டுகள் தொழில்துறை அதைப் பிடித்துக்கொண்டே நடந்தது. பிறகு டிரான்சிஸ்டர்கள் மிகச் சிறியவையாகி, அணைந்திருக்கும்போதும் மின்சாரத்தைக் கசியவிட்டன. 2004இல் வந்த பெண்டியம் 4 ‘பிரெஸ்காட்’ 115 வாட் வரை தொட்டது. அதற்கு அடுத்ததாகத் திட்டமிட்ட சிப்பை அதே ஆண்டு இன்டெல் கைவிட்டது. 4 கிகாஹெர்ட்ஸ் பெண்டியம் 4 வரும் என்று சொன்ன வாக்கையும் காப்பாற்ற முடியவில்லை. அந்த அக்டோபரில் நடந்த மாநாட்டு மேடையில் நிறுவனத்தின் தலைமை நிர்வாகி கிரெய்க் பேரெட் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டார். ஒரு சிப்பின் வேகம் ஏன் நின்றது என்பதற்கு அன்று ஒரே பதில்தான் இருந்தது: சூடு.

சரி, கல்லாவுக்குத் திரும்புவோம்.

சிலிக்கானில் பிறந்த சூடு மூடிக்கு ஏறுகிறது. மூடியிலிருந்து தெர்மல் பேஸ்ட் வழியாக ஹீட் சிங்க் எனப்படும் உலோகத் தொகுதியின் அடிப்பாகத்துக்கு, அங்கிருந்து மெல்லிய தகடுகளுக்கு, தகடுகளிலிருந்து விசிறிக் காற்றுக்கு, கேபினட்டை விட்டு வெளியே, கடைசியில் அறைக்கு. இந்த வழியில் எங்கே அடைத்தாலும் பின்னால் வருவதெல்லாம் தேங்கும். பொறியாளர்கள் இதை ஒரே கூட்டல் கணக்காகச் சுருக்கிவிடுகிறார்கள்: சிப்பின் வெப்பநிலை என்பது அதற்குக் கிடைக்கும் காற்றின் வெப்பநிலையோடு, வாட்டை வழியின் தடையால் பெருக்கி வருவதைச் சேர்த்தது.

ஹீட் சிங்க்கும் விசிறியும் சேர்ந்ததுதான் கூலர். நல்ல நிலையிலுள்ள சாதாரண கூலருக்கு அந்தத் தடை ஒரு வாட்டுக்கு அரை டிகிரி என்று வைத்துக்கொள்வோம். கடையில் ஏர்கோன் ஓடுகிறது, 24 டிகிரி. 65 வாட்டுக்கு 32 டிகிரி கூடும். சிப் 56 டிகிரியில் நிற்கும். கவலை இல்லை. இப்போது அதே பெட்டியைக் கல்லா மேசையின் மர அலமாரிக்குள் தள்ளிக் கதவைச் சாத்துங்கள். வெளியேறிய சுடுகாற்றையே பெட்டி திரும்ப இழுக்கும். அலமாரிக்குள் 38 டிகிரி ஆகிவிட்டால் சிப் 70. இதையும் தாங்கும். ஆனால் நாலு வருடத் தூசும் காய்ந்த பேஸ்ட்டும் சேர்ந்து தடையை 0.9 ஆக்கியிருந்தால்? 38உடன் 58 சேர்ந்து 96. பெரும்பாலான இன்டெல் டெஸ்க்டாப் புராசசர்களின் எல்லை 100. கடையில் யாரும் ஒரு பெரிய தப்பும் செய்யவில்லை. இரண்டு சின்னத் தப்புகள் ஒன்றுசேர்ந்தன.

ஏர்கோன் இருக்கிறதே, பிறகென்ன என்று கேட்பவர்களுக்கு இந்தக் கணக்கே பதில். கடை குளிர்ந்திருக்கலாம், புராசசருக்குக் கிடைப்பது அலமாரிக் காற்று. ஒரு சாதாரண அறை வெப்பமானியை அலமாரிக்குள் அரை மணி நேரம் வைத்துப் பார்த்தால் பாதி விசாரணை முடிந்துவிடும்.

மீதிப் பாதிக்கு வேண்டியது ஒரு இலவச மென்பொருளும் ஒரு கடிகாரமும். எச்டபிள்யூஇன்ஃபோ, கோர் டெம்ப் போன்றவை புராசசருக்குள்ளே பொதிந்துள்ள உணர்விகளைப் படித்துக் காட்டும். மெஷின் எழும்போது திறக்கக்கூடிய பயாஸ் அமைப்புத் திரையிலும் வெப்பநிலை தெரியும். ஆனால் அங்கே புராசசர் ஓய்வு நிலைக்குப் போவதில்லை. அதனால் எண் சற்று அதிகமாகவே இருக்கும். அதைப் பார்த்துப் பயந்தவர்கள் பலர். விண்டோஸில் சும்மா இருக்கும்போது அறையைவிடப் பத்துப் பதினைந்து டிகிரி கூடுதல் என்றால் இயல்பு.

பிறகு புராசசருக்கு முழு வேலை கொடுத்து, எண் எவ்வளவு ஏறுகிறது என்பதைவிட எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று பாருங்கள். கோளாறு கண்டுபிடிப்பதில் இதைவிடப் பயனுள்ள சோதனை வேறு இல்லை என்று துணிந்து சொல்லலாம். வேலை தொடங்கிய இரண்டு, மூன்று வினாடியில் 95க்குத் தாவினால் சூடு ஹீட் சிங்க்கை எட்டவே இல்லை. அரைக் கிலோ உலோகம் அவ்வளவு சீக்கிரம் சூடேறாது. ஆக, கோளாறு மூடிக்கும் ஹீட் சிங்க்குக்கும் நடுவில். மாறாக, 60, 68, 75 என்று பத்து, பதினைந்து நிமிடம் மெதுவாக ஏறிக்கொண்டே போனால் சிப்பிலிருந்து உலோகத்துக்குச் சூடு ஒழுங்காகப் போகிறது. உலோகத்திலிருந்து காற்றுக்கும், பெட்டியிலிருந்து அறைக்கும் போவதில்தான் தடை. பெட்டியின் பக்கக் கதவைக் கழற்றியதும் எண் சட்டென இறங்கினால் சந்தேகமே வேண்டாம், குற்றவாளி காற்றோட்டம்.

முதல் வகைக் கோளாற்றில் அடிக்கடி அகப்படுவது நான்கு பிளாஸ்டிக் ஊசிகள். இன்டெல்லின் பெட்டியோடு வரும் கூலரை மதர்போர்டில் பிடித்துவைக்கும் கால்கள் அவை. ஒன்று முழுதாக இறங்காமல் நின்றாலும் ஹீட் சிங்க் ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாத இடைவெளிதான், ஆனால் அதில் நிற்பது காற்று. செம்பு சூட்டைக் கடத்தும் திறன் சுமார் 400 அலகு. காற்றுக்கு அது 0.026. நல்ல பேஸ்ட்டுக்கு ஐந்து முதல் பத்துக்குள். பேஸ்ட் சூட்டைக் கடத்துவதில் கெட்டிக்காரன் என்று நினைப்பது தவறு. உலோகத்தோடு ஒப்பிட்டால் அது மிக மோசமான கடத்தி. காற்றை வெளியேற்றி அந்த இடத்தில் உட்காருவதற்காகவே அது இருக்கிறது. ஆகவே ஒரு பட்டாணி அளவு போதும். வெண்ணெய் தடவுவதுபோல் அப்பினால் தடைதான் கூடும். பற்பசை வைத்துச் சமாளித்தவர்களும் உண்டு. சில நாளில் நீர் வற்றி அது சுண்ணாம்பாகிவிடும்.

புதிதாகப் பூட்டிய மெஷின் முதல் நாளிலேயே கொதித்தால், கூலரின் அடியில் ஒட்டிவரும் பிளாஸ்டிக் தாளை உரித்தார்களா என்று பாருங்கள். கைதேர்ந்தவர்களும் மறக்கும் காரியம் அது.

பழைய கூலரைக் கழற்றும்போது ஓர் எச்சரிக்கை. ஏஎம்டியின் ஏஎம்4 ரகப் புராசசர்களில் ஊசிகள் புராசசரின் அடியில் இருக்கும். காய்ந்து பசையாக இறுகிய பேஸ்ட், கூலரை நேராக மேலே இழுத்தால் புராசசரையும் சேர்த்துப் பிடுங்கிக்கொண்டு வரும், ஊசிகள் வளையும். சில நிமிடம் மெஷினை ஓடவிட்டு, பேஸ்ட் இளகியபின் மின்சாரத்தைத் துண்டித்து, கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருகி எடுக்கவேண்டும். பழைய பேஸ்ட்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்தால் மூடி பளிச்சென்று வரும். இன்டெல் சிப்பாக இருந்தால் ‘மலாய்’ எழுத்துகள் அப்போதுதான் கண்ணில் படும்.

மூடிக்கு உள்ளேயும் ஒரு பேஸ்ட் கதை உண்டு. 2012இல் வந்த மூன்றாம் தலைமுறை கோர் டெஸ்க்டாப் புராசசர்களில் சிலிக்கானுக்கும் மூடிக்கும் நடுவே, முன்பு இருந்த உலோகப் பற்றவைப்புக்குப் பதிலாக இன்டெல் பேஸ்ட் வைத்தது. ஆர்வலர்கள் கொதித்தார்கள். பிளேடால் மூடியைப் பிளந்து திரவ உலோகம் தடவி, பத்து இருபது டிகிரி குறைத்துக் காட்டினார்கள். 2018இல் ஒன்பதாம் தலைமுறையின் உயர்ரகச் சிப்களில் பற்றவைப்பு திரும்பி வந்தது. கடை மெஷினில் இந்தப் பரீட்சை வேண்டவே வேண்டாம். பேக்கேஜிங் என்று சொல்லப்படும் வேலை, பெட்டியில் அடைக்கும் வேலை மட்டும்தானே என்று நினைப்பவர்களுக்காக இந்தப் பேஸ்ட் கதையைச் சொல்லவேண்டியிருக்கிறது. பாயான் லெப்பாஸின் தொழிலே அதுதான். 2021 டிசம்பரில் இன்டெல் பத்தாண்டுகளில் 3,000 கோடி ரிங்கிட் முதலீடு என்று மலேசியாவில் அறிவித்தது, சிப்களை நவீன முறையில் பேக்கேஜிங் செய்யும் ஆலைக்காகத்தான். ஒன்றன் மேல் ஒன்றாகச் சிப்களை அடுக்கினால் அடியில் உள்ளதன் சூடு மேலே உள்ளதைத் தாண்டித்தான் வெளியேறவேண்டும். அதனால் இந்தச் சிக்கல் இனி கூடத்தான் செய்யும்.

இரண்டாம் வகைக் கோளாறு காற்று. அதை லிட்டில் இந்தியாவின் பழைய கடைவீடுகளே கற்றுக்கொடுக்கும். குறுகிய முகப்பு, நீண்ட உடல், நடுவில் வானம் பார்த்த முற்றம். அஞ்சடி எனப்படும் முன்வாசல் நடைபாதைப் பக்கமிருந்து குளிர்ந்த காற்று நுழையும். சூடேறிய காற்று முற்றம் வழியாக மேலே போகும். நுழைய ஒரு வழி, வெளியேற வேறு வழி, நடுவில் அடைப்பு கூடாது. நல்ல கேபினட்டும் அப்படியே: முன்னால் உள்ளிழுக்கும் விசிறி, பின்னால் வெளித்தள்ளும் விசிறி. ஏர்கோன் வந்தபின் பல கடைவீடுகளில் முற்றத்துக்குக் கூரை போட்டு மூடினார்கள். கேபினட்டின் பின்பக்கத்தைச் சுவரோடு ஒட்டி வைப்பதும் அதே காரியம்தான்.

விசிறி எந்தப் பக்கம் ஊதுகிறது என்று அறியக் கடையிலேயே கருவி இருக்கிறது. கல்லாவுக்கு மேலே சாமி படத்துக்கு ஏற்றும் ஊதுபத்தியைச் சில வினாடி கேபினட்டின் முன்பக்கம் காட்டுங்கள். புகை உள்ளே போகவேண்டும். பின்பக்கம் காட்டினால் தள்ளப்படவேண்டும். இரண்டு விசிறியும் உள்ளே இழுப்பதையும், ஒன்றின் காற்றை மற்றொன்று மறிப்பதையும் இந்தப் புகை நொடியில் காட்டிக்கொடுக்கும்.

காட்டியபின் தள்ளி வைத்துவிடுங்கள். அதே புகைதான் கோளாறுக்கும் துணைபோகிறது. ஜவுளிக் கடையில் புடவை பிரித்து மடிக்கும் ஒவ்வொரு முறையும் பஞ்சு இழைகள் பறக்கும். மசாலைக் கடையில் மிளகாய்த் தூள், உணவுக் கடையில் எண்ணெய் ஆவி. கடற்கரையோ கூப்பிடு தூரம். காற்றில் எப்போதும் ஈரம். உலர்ந்த தூசு ஊதினால் பறந்துவிடும். ஈரமும் புகைப் பிசினும் எண்ணெயும் கலந்த தூசு அடை அடையாகப் படியும், அதுவும் பார்வைக்குத் தெரியாத இடத்தில். விசிறி இதழ்கள் ஓரளவு சுத்தமாகத் தெரியும்; விசிறியைக் கழற்றினால்தான் அதற்கும் தகடுகளுக்கும் நடுவே கம்பளி விரித்ததுபோல் ஒரு அடுக்கு கிடப்பது தெரியும். விசிறி கத்துகிறது, காற்று புகவில்லை. 2015இலும் 2019இலும் சுமத்ரா, கலிமந்தான் காட்டுத் தீயின் புகைமூட்டம் பினாங்கை மூடியது. அந்தத் துகள்கள் எந்தக் கேபினட்டின் வலையிலும் நிற்காத அளவு நுண்ணியவை.

சுத்தம் செய்வது கடினமில்லை. பிளக்கைப் பிடுங்கி, பெட்டியை அஞ்சடிக்குக் கொண்டுபோய், மென்மையான தூரிகையாலும் ஊதுகருவியாலும் தூசை அகற்றலாம். ஊதும்போது விசிறி இதழை விரலால் பிடித்துக்கொள்ளவேண்டும். காற்றில் கண்டபடி சுழன்றால் அதன் பேரிங் கெடும். எண்ணெய் அடை என்றால் ஹீட் சிங்க்கை முழுதாகக் கழற்றி எடுத்துக் கழுவி, நன்றாகக் காயவைத்துப் புது பேஸ்ட்டோடு பூட்டவேண்டும். ஒரு சிறு குழல் பேஸ்ட் இருபது முப்பது ரிங்கிட்டுக்குள் முடிந்துவிடும்.

இவ்வளவு சூட்டிலும் புராசசர் எரிந்துபோகாதா? முன்பு எரிந்தது. 2001இல் டாம்ஸ் ஹார்ட்வேர் இணைய இதழ் ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டர்களின் ஹீட் சிங்க்கை வேண்டுமென்றே கழற்றிப் படம் பிடித்தது. ஏஎம்டி அத்லான் சில வினாடிகளில் புகைந்து செத்தது. பெண்டியம் 4 வேகத்தைக் குறைத்துக்கொண்டு உயிரோடிருந்தது. இன்றைய புராசசர்கள் எல்லாமே அந்த வித்தையைக் கற்றவை. எல்லையை நெருங்கும்போது வேகத்தைக் குறைக்கும். அதையும் மீறினால் மின்சாரத்தைத் தானே வெட்டிக்கொள்ளும். ஜவுளிக் கடையில் திரை கறுத்தது அந்த வெட்டுதான். அது நேர்வதற்குப் பல வாரங்களுக்கு முன்பே மெஷின் காரணமில்லாமல் மந்தமாகியிருக்கும். கடைக்காரர் அதை வயசு என்று நினைத்திருப்பார்.

எல்லாக் குற்றத்தையும் சூட்டின் தலையில் போடவும் கூடாது. இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறை உயர்ரகப் புராசசர்கள் நிலைதடுமாறியபோது பலர் கூலரை மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். கோளாறு புராசசர் கேட்டுப் பெற்ற மிகை மின்னழுத்தத்தில் இருந்தது. 2024 ஆகஸ்டில் நிறுவனம் திருத்தம் வெளியிட்டு, உத்தரவாதத்தையும் இரண்டாண்டு நீட்டித்தது. எண் 70இல் இருக்கும்போதே மெஷின் விழுந்தால் பேஸ்ட்டை விட்டுவிட்டு பவர் சப்ளை, மெமரி, பயாஸ் பதிப்பு என்று தேடவேண்டும். சூடு உண்மையிலேயே காரணமாக இருந்து, கூலரும் சுத்தமாக இருந்தால், பயாஸில் வாட் வரம்பைக் குறைப்பது நல்ல வழி. வரம்பு குறைந்தால் புராசசர் வேகத்தையும் மின்னழுத்தத்தையும் இறக்கிக்கொள்ளும். மின் செலவு மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அழுத்தம் பத்து விழுக்காடு குறைந்தால் சூடு பத்தொன்பது விழுக்காடு குறையும். பில் போடுகிற வேலையில் அந்த வேகக் குறைவு யாருக்கும் தெரியாது.

கூலரைப் பூட்டி, பெட்டியை அலமாரிக்கு வெளியே ஒரு சாண் இடைவெளி விட்டு வைத்தபின் ஒரு காரியம் மீதி இருக்கிறது. அன்றைய தேதி, அறையின் வெப்பம், மெஷின் சும்மா இருக்கும்போது காட்டிய எண், பதினைந்து நிமிட முழு வேலைக்குப் பின் காட்டிய எண் ஆகிய நான்கையும் ஒரு சீட்டில் எழுதிக் கேபினட் கதவின் உட்பக்கம் ஒட்டிவையுங்கள். அடுத்த தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பு கதவைத் திறந்து அதே நான்கையும் மறுபடி அளந்து பாருங்கள்.